மாங்கூழ் குழாய்க்கு கே-எப்சிலான் போடலாமா? கணக்கில் 61 டிகிரி, லைனில் 38

2024 ஜூன் 8, மாலை. காவேரிப்பட்டணம் வாசகரின் கேள்வி

பெங்களூரா ரக மாங்கூழுக்கான முன்சூடேற்றி. குழாய்க்குள் குழாய் வகை. உள்குழாயின் உள்விட்டம் 47.5 மி.மீ., மொத்த நீளம் 24 மீட்டர்: 6 மீட்டர் குழாய் நான்கு, நடுவில் வளைவுகள். கூழ் மணிக்கு 6.4 கன மீட்டர், அதாவது நொடிக்கு 1 மீட்டர் வேகம். வெளிக்குழாயில் 95 டிகிரி வெந்நீர். கூழ் 30 டிகிரியில் நுழைகிறது. ஓப்பன்ஃபோம் என்ற பாய்ம ஓட்டக் கணக்கு மென்பொருளில் கே-எப்சிலான் என்ற டர்புலன்ஸ் (கொந்தளிப்பு ஓட்ட) மாடலைப் போட்டு ஓட்டினேன். ரெசிடுவல் (சமன்பாட்டில் மிஞ்சும் பிழை) எல்லாமே லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டது. வெளியே வரும் கூழ் 61 டிகிரி என்கிறது. லைனில் தெர்மாமீட்டர் 38-ஐத் தாண்டவில்லை. செல் (கணக்குக்காகக் குழாயைப் பிரிக்கும் சிறு கட்டம்) எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினாலும் 60 வருகிறது. தெர்மாமீட்டரை மாற்றியும் பார்த்தாயிற்று. தப்பு எங்கே?

ஜூன் 8, இரவு. என் பதில்

தெர்மாமீட்டர் சரி. மாடல்தான் தப்பு. அந்தக் குழாயில் டர்புலன்ஸே கிடையாது.

ஓட்டம் சீரானதா கொந்தளிப்பா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண்ணை எந்தப் பாகுநிலையை (விஸ்காசிட்டி) வைத்துப் போட்டீர்கள்? தண்ணீருக்குப் போட்டால் இதே குழாயில் 59,000 வரும். அதைப் பார்த்தால் யாருக்கும் கே-எப்சிலான்தான் தோன்றும். ஆனால் மாங்கூழ் நியூட்டன் விதிக்கு அடங்காத பாய்மம். வேகமாக வழித்தால் இளகும், விட்டால் இறுகும். அதற்கு இரண்டு எண் வேண்டும்: திண்மைக் கெழு (எவ்வளவு கெட்டி), ஓட்ட அடுக்கு (வேகத்தோடு எப்படி இளகும்). கூழுக்கு அடுக்கு 0.33, கெழு 10 (எஸ்.ஐ. அலகில்), அடர்த்தி 1055 என்று வைத்துக்கொள்வோம்.

மெட்ஸ்னரும் ரீடும் 1955-இல் தந்த பொதுமைப்படுத்திய ரெனால்ட்ஸ் எண் இது. மேலே: அடர்த்தி × வேகத்தின் (2 − அடுக்கு) படி × விட்டத்தின் அடுக்குப் படி. கீழே: 8-இன் (அடுக்கு − 1) படி × கெழு × [(3 × அடுக்கு + 1) ÷ (4 × அடுக்கு)] என்பதன் அடுக்குப் படி.

எண்களைப் போட்டால் மேலே 386, கீழே 2.84. விடை 136.

டர்புலன்ஸாக மாறத் தொடங்குவதே 2100-க்கு மேல்தான். இப்படி இளகும் பாய்மங்களுக்கு அது இன்னும் சற்றுத் தள்ளியே இருக்கும். 136 என்றால் பள்ளிப் புத்தகத்தில் படித்த சுத்தமான வரிச்சீர் ஓட்டம், லேமினார். மான்செஸ்டரில் 1883-இல் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுப் பார்த்தபோது நூல் போலக் கலையாமல் போனதே, அந்த நிலை. டர்புலன்ஸ் பகுதியில் லேமினார் என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.

ஜூன் 9, காலை

நேற்று ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். "டர்புலன்ஸ் இல்லாத இடத்தில் மாடல் போட்டாலும் அது சின்ன எண்ணாகத்தானே வரும், கெடுதல் என்ன" என்று பலர் நினைக்கிறார்கள். வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் ஓரளவு அப்படித்தான். வெப்பத்துக்கு அப்படி இல்லை.

சுவரோரத்தில் கூழின் இயக்கப் பாகுநிலை (பாகுநிலை ÷ அடர்த்தி) சுமார் லட்சத்தில் 23 பங்கு (சதுர மீட்டர்/நொடி). மாடல் தன் பங்குக்குச் சுழல் பாகுநிலை (சுழல்களின் கலக்கலுக்கு ஈடான பாகுநிலை) என்று லட்சத்தில் 1 பங்கு சேர்க்கிறது என்று வையுங்கள். 4 சதவீதம்தான், படம் போட்டுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் கூழின் வெப்ப விரவல் (வெப்பம் அதனுள் பரவும் வீதம்) கோடியில் 1.4 பங்குதான். மாடல் அந்தச் சுழல் பாகுநிலையை டர்புலண்ட் பிராண்டல் எண் 0.85-ஆல் வகுத்து வெப்ப விரவலோடு கூட்டும். லட்சத்தில் 1 என்பது கோடியில் 100. 0.85-ஆல் வகுத்தால் 118. கூழுக்குச் சொந்தமான 1.4-க்கு எதிரே 118! வெப்பம் 80 மடங்குக்கு மேல் வேகமாகக் குழாயின் நடுவுக்குப் பரவிவிடும். உங்கள் 61 டிகிரி அங்கிருந்து வந்தது.

ரெசிடுவல் இறங்கியது இதற்குச் சாட்சி ஆகாது. எழுதிக்கொடுத்த சமன்பாட்டைக் கணினி சரியாகத் தீர்த்தது என்பதற்கு மேல் அதில் வேறு செய்தி இல்லை.

ஜூன் 9, மாலை

கணினி இல்லாமல் கையால் ஒரு சரிபார்ப்பு. இதை முதலிலேயே செய்திருந்தால் 61-ஐப் பார்த்ததும் சந்தேகம் வந்திருக்கும்.

நிறை ஓட்டம் நொடிக்கு 1.87 கிலோ. தன்வெப்பம் 3700, வெப்பக் கடத்தல் 0.55. கிரேட்ஸ் எண் = (நிறை ஓட்டம் × தன்வெப்பம்) ÷ (கடத்தல் × நீளம்) = 524. அதன் கனமூலம் 8.06. 1.75-ஆல் பெருக்கி, கூழின் திருத்தமான 1.51-இன் (மேலே சதுர அடைப்புக்குள் வந்த பின்னம்) கனமூலத்தாலும் பெருக்கினால், வெப்ப மாற்றத்தை அளக்கும் நசல்ட் எண் 16. வெப்ப மாற்றக் கெழு சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 187 வாட். பரப்பு 3.58 சதுர மீட்டர். சுவர் 95-இல் நிற்கிறது என்று எடுத்தால் கூழ் ஏறுவது வெறும் 6 டிகிரி. 36-இல் வெளியே வரும்.

38-க்கும் 36-க்கும் இடையே உள்ள 2 டிகிரி எங்கே என்றால், இரண்டு காரணம். சுவரோரக் கூழ் சூட்டில் இளகுவதால் திண்மைக் கெழு அங்கே குறையும். அதற்கான திருத்தம் சுமார் 1.18. அதைச் சேர்த்தால் 37. அடுத்து வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கூழ் முழுசாகக் கலந்துவிடுகிறது என்று எடுத்தால் 24 மீட்டர் ஒரே குழாய் அல்ல, புதிதாகத் தொடங்கும் நான்கு 6 மீட்டர் குழாய்கள். அப்போது 41 வரும். நிஜம் இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். 38 அங்கேதான் இருக்கிறது.

ஜூன் 11

காவேரிப்பட்டணத்திலிருந்து பதில்: "லேமினாருக்கு மாற்றிவிட்டேன் அண்ணா. இப்போது 49. இன்னும் 11 டிகிரி அதிகம்."

தம்பி, மெஷ் (செல்களின் வலை) டெட்ராவா, அதாவது நான்முகிச் செல்களா? வெப்பநிலைக்கான டைவர்ஜென்ஸ் ஸ்கீம் (ஓட்டம் சுமந்துபோகும் வெப்பத்தைக் கணக்கிடும் முறை) அப்விண்ட் முதல் வரிசையா (ஓட்டம் வரும் பக்கத்துச் செல்லின் மதிப்பையே எடுப்பது)? இரண்டுக்கும் ஆமாம் என்றால் காரணம் போலி விரவல்.

முதல் வரிசை அப்விண்டில் ஓட்டம் செல்லின் முகத்துக்கு நேராகப் போனால் பாதகமில்லை. சாய்வாகப் போனால் ஸ்கீமே குறுக்கு விரவலை உண்டாக்கும். 45 பாகையில் அதன் அளவு ஏறக்குறைய 0.35 × வேகம் × செல் அகலம். சுவரோரம் வேகம் 0.1, செல் 1 மி.மீ. என்றால் கோடியில் 350 பங்கு. கூழுக்கு இருப்பதோ 1.4. டர்புலன்ஸ் மாடலை வாசல் வழியே வெளியே அனுப்பினீர்கள், அது ஸ்கீம் வழியே உள்ளே வந்துவிட்டது. டெட்ராவில் ஓட்டம் எப்போதும் ஏதோ ஒரு முகத்துக்குச் சாய்வாகத்தான் போகும்.

அதோடு, மெஷ்ஷை இரட்டிப்பாக்கியும் விடை அவ்வளவாக மாறவில்லை என்று முதல் நாள் சொன்னீர்கள். மொத்த செல் எண்ணிக்கையை இரட்டித்தால் ஒரு திசையில் செல் 1.26 மடங்குதான் சிறிதாகும். அது போதாத சோதனை. மூன்று மெஷ், ஒவ்வொன்றுக்கும் ஒரு திசையில் குறைந்தது 1.3 மடங்கு வித்தியாசம். 1994-இல் ரோச் சொன்ன மெஷ் நெருக்கக் குறியீட்டை (மெஷ்ஷால் வரும் பிழையின் மதிப்பீடு) அந்த மூன்றிலிருந்து போடலாம்.

செய்ய வேண்டியது: நேர்க்குழாய் முழுக்க ஹெக்ஸா (அறுமுகச் செல்கள்), ஓட்டத்தின் திசையிலேயே. வளைவிலும் அதையே இழுத்துக்கொண்டு போங்கள். வெப்பநிலைக்கு இரண்டாம் வரிசை ஸ்கீம். சுவரோரம் முதல் செல் 0.05 மி.மீ., உள்நோக்கி 1.15 அல்லது 1.2 வீதம் வளர்த்து 15 அடுக்கு. இவ்வளவு மெல்லியதாக ஏன்? நுழைந்து 10 செ.மீ. தூரத்தில் வெப்ப எல்லைப் படலம் (சுவர்ச் சூடு எட்டிய மெல்லிய படலம்) 0.8 மி.மீ.தான். ஒரு மீட்டர் போனால் 1.7. பழைய மெஷ்ஷில் அந்தப் படலம் முழுக்க ஒன்றிரண்டு செல்லுக்குள் அடங்கிக் கிடந்திருக்கும்.

ஜூன் 12

தனிமடலில் மூன்று பேர் ஒரே கேள்வி: பவர்லா (மேலே சொன்ன கெழு-அடுக்கு மாடல்) எண்களை ஓப்பன்ஃபோமில் எப்படிக் கொடுப்பது. பொதுவில் எழுதிவிடுகிறேன்.

திண்மைக் கெழுவை அடர்த்தியால் வகுத்துத்தான் கொடுக்க வேண்டும். அமுங்காத (அடர்த்தி மாறாத) ஓட்டத்துக்கான ஓப்பன்ஃபோம் நிரல் சிம்பிள்ஃபோம் எல்லாவற்றையும் அடர்த்தியால் வகுத்தே வைத்திருக்கிறது. 10 ÷ 1055 = 0.00948. நேராக 10 என்று கொடுத்தால் கூழ் ஆயிரம் மடங்கு கெட்டியாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அழுத்தம் மட்டும் மலை மாதிரி வரும். (வெளியே வரும் அழுத்தமும் அடர்த்தியால் வகுத்ததுதான். பாஸ்கல் வேண்டுமென்றால் 1055-ஆல் பெருக்குங்கள்.)

அடுத்தது பாகுநிலையின் மேல் வரம்பு. குழாயின் நடுவில் வழிப்பு வீதம் (அடுத்தடுத்த படலங்களின் வேக வித்தியாசம்) பூஜ்யம். பவர்லா அங்கே பாகுநிலையை முடிவிலிக்குக் கொண்டுபோகும். அதனால் ஒரு வரம்பு கேட்கிறது. 0.001 என்று கொடுத்தால் கணக்கு சட்டென்று ஓடி முடியும், ஆனால் ஆரத்தில் உள்பாதி முழுக்க வரம்பில் மாட்டிக்கொள்ளும். அங்கே கூழ் நியூட்டன் பாய்மமாக மாறி, நடு வேகம் உப்பிவிடும். 0.2 கொடுங்கள். கீழ் வரம்பு லட்சத்தில் 1 போதும். சுவரில் உள்ள 23-க்கு வெகு கீழே இருக்கிறது.

வெப்பத்தைச் சேர்க்கும் முன் ஒரு பரீட்சை. குழாயின் 5 பாகை ஆப்புத் துண்டு மட்டும், 1 மீட்டர் நீளம், ஆரத்தில் 40 செல், வெப்பம் கிடையாது. வேகம் நிலைபெற 0.4 மீட்டர் போதும், அதற்கு அப்புறம் அளவெடுங்கள். நடு வேகம் ÷ சராசரி வேகம் = 1.496 வர வேண்டும். அழுத்த இறக்கம் மீட்டருக்கு 5225 பாஸ்கல். இந்த இரண்டும் ஒரு சதவீதத்துக்குள் வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஜூன் 12, இரவு. ஒரு திருத்தம்

எட்டாம் தேதி எழுதியதில் கெழு 10 என்பதை எல்லா இடத்துக்கும் பொதுவாக வைத்துவிட்டேன். அது 30 டிகிரிக் கூழுக்கு. 90 டிகிரியில் 3 அளவுக்கு இறங்கும் என்று எடுத்தால் ரெனால்ட்ஸ் எண் 136 அல்ல, 450. அப்போதும் லேமினார்தான், முடிவு மாறாது. ஆனால் பம்புக் கணக்கு மாறும். 5225 பாஸ்கல் என்பது சூடேறாத கூழுக்கு மட்டுமே. சூடேற்றியில் சுவரோரம் இளகுவதால் அழுத்த இறக்கம் அதைவிடக் குறையும். காலையில் குளிர்ந்த கூழோடு லைனைத் தொடங்கும் நேரத்துக்குத்தான் பம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜூன் 14

ஓசூரிலிருந்து ஒருவர்: "அப்படியானால் இந்தச் சூடேற்றிக்கு டர்புலன்ஸ் மாடலே வேண்டாமா?"

வேண்டும். வெந்நீர்ப் பக்கத்துக்கு. உள்குழாயின் வெளிவிட்டம் 50.8, வெளிக்குழாயின் உள்விட்டம் 60.3 என்றால் நீரியல் விட்டம் 9.5 மி.மீ. 95 டிகிரித் தண்ணீரின் இயக்கப் பாகுநிலை கோடியில் 3.1 பங்கு. வேகம் 1.5 என்றால் ரெனால்ட்ஸ் எண் 46,000. ஒரே இரும்புச் சுவருக்கு இந்தப் பக்கம் 136, அந்தப் பக்கம் 46,000. பல மண்டலக் கணக்கில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனி டர்புலன்ஸ் கோப்பு இருப்பது இதற்காகத்தான். கூழ் மண்டலத்தில் லேமினார், நீர் மண்டலத்தில் கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற டர்புலன்ஸ் மாடல் (மென்டர், 1994). ஒரு கோப்பை அப்படியே மற்றொன்றுக்குப் பிரதியெடுத்துப் போடுவதில்தான் பெரும்பாலான பிழைகள் நுழைகின்றன.

நீர்ப் பக்கம் உராய்வு வேகம் (சுவர் உராய்விலிருந்து கணக்கிடுவது) சுமார் 0.078. ஒய்-பிளஸ் (சுவரிலிருந்து தூரம் × உராய்வு வேகம் ÷ இயக்கப் பாகுநிலை) 1 வேண்டுமானால் முதல் செல் 4 மைக்ரான். வால் ஃபங்ஷன் (சுவரோர ஓட்டத்தைத் தீர்க்காமல் சூத்திரத்தால் நிரப்புவது) போட்டு ஒய்-பிளஸ் 30 போதும் என்றால் 0.12 மி.மீ.

ஆனால் வெப்பத்தைத் தடுப்பது கூழ்ப் பக்கம்தான். நீர்ப் பக்கத்துக்கு வால் ஃபங்ஷனே போதும். செல்களைக் கூழுக்குச் செலவழியுங்கள்.

ஜூன் 15

மேலே இருப்பதில் பிழை. 4 மைக்ரானும் 0.12 மி.மீ.யும் செல்லின் மையத்துக்கான தூரம். செல்லின் தடிமன் அதில் இரண்டு பங்கு: 8 மைக்ரான், 0.24 மி.மீ. இடைவெளியே 4.75 மி.மீ. என்பதால் வால் ஃபங்ஷனோடு குறுக்கே 20 செல்தான் வைக்க முடியும். அதற்கு மேல் நெருக்கினால் ஒய்-பிளஸ் 30-க்குக் கீழே போய், இரண்டும் கெட்டான் இடத்தில் மாட்டும்.

ஜூன் 16

கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணை மதகுக்கு எந்த மாடல் போடுவது என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. விஷயம் வேறு, ஆனாலும் எழுதத் தகுந்தது. கூழுக்கு நேர் எதிர்முனை அது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு மதகு 0.3 மீட்டர் திறந்திருக்கிறது, திறப்புக்கு மேல் 6 மீட்டர் நீர் நிற்கிறது என்று கொள்வோம். அடியில் பாயும் வேகம் நொடிக்கு 10.8 மீட்டர். ரெனால்ட்ஸ் எண் 30 லட்சத்துக்கு மேல். கோல்மோகோரோவ் 1941-இல் காட்டிய வழியில் கணக்கிட்டால் மிகச் சிறிய சுழலின் அளவு சுமார் 4 மைக்ரான். மாடலே இல்லாமல் எல்லாச் சுழலையும் நேரடியாகத் தீர்க்க 400 லட்சம் கோடி செல்களுக்கு மேல் வேண்டும். தென்பெண்ணையின் ஒரே ஒரு மதகுக்கு, அதுவும் 0.3 மீட்டர் கனசதுரத்துக்கு மட்டும்! இங்கே மாடல் இல்லாமல் முடியாது. லாண்டரும் ஸ்பால்டிங்கும் 1974-இல் நிலைநிறுத்திய கே-எப்சிலானுக்கு இதுதான் களம். வளைந்து பிரியும் ஓட்டத்தில் எஸ்எஸ்டி இன்னும் நம்பகமானது. கதவு அதிர்வு, அழுத்தத் துடிப்பு பார்க்க வேண்டுமென்றால் ஸ்மகோரின்ஸ்கி 1963-இல் தொடங்கிவைத்த பெருஞ்சுழல் முறைக்குப் (பெரிய சுழல்களை நேரே தீர்த்து, சிறியவற்றுக்கு மட்டும் மாடல் போடுவது) போகத்தான் வேண்டும். சராசரி எடுக்கும் மாடல் அந்தத் துடிப்பைத் துடைத்துவிடும்.

நீர்ப்பரப்புக்கு ஹர்ட், நிக்கல்ஸ் 1981-இல் தந்த விஓஎஃப் (ஒவ்வொரு செல்லிலும் எத்தனை பங்கு நீர் என்று பின்தொடரும் முறை). கூரன்ட் எண் (ஒரு நேரப் படியில் நீர் கடக்கும் செல் எண்ணிக்கை) 0.5, செல் 20 மி.மீ. என்றால் ஒரு படி 0.0009 நொடி. நேராக அணையின் வடிவத்தில் இறங்காமல், முதலில் தட்டையான தரையில் கூர்விளிம்புக் கதவை வைத்து ஓட்டுங்கள். கதவைத் தாண்டிய நீர்த்தாரை திறப்பில் 0.61 பங்குக்கு, அதாவது 18 செ.மீ.க்குச் சுருங்க வேண்டும். சுருங்கவில்லையென்றால் கதவு விளிம்பில் செல் போதவில்லை.

ஜூன் 16, பின்குறிப்பு

தளி பக்கத்து ரோஜா பாலிஹவுஸுக்கும் இதே கேள்வி. சுருக்கமாக: உள்ளே வெளியே 8 டிகிரி வித்தியாசம், 5 மீட்டர் உயரம், காற்று நொடிக்கு 1 மீட்டர் என்றால் ரிச்சர்ட்சன் எண் 1.3. சூடான காற்று மேலெழும் விசையும் வெளிக்காற்றும் சரிக்குச் சமம். மிதப்பு விசையைச் சேர்க்காத கணக்கு அங்கே பயன்படாது. காற்று 3 மீட்டர் ஆனால் 0.14, அன்றைக்கு விட்டுவிடலாம். பூச்சிவலையை ஒவ்வொரு கண்ணாக மெஷ் போடாமல், அழுத்த இறக்கம் உள்ள நுண்துளைத் தகடாக வையுங்கள்.

ஜூன் 19

கூழுக்கே திரும்புவோம். கெழுவும் அடுக்கும் எங்கே கிடைக்கும் என்பதுதான் இத்தனைக்கும் அடிவேர். பெங்களூராவுக்கும் அல்போன்சாவுக்கும் வேறு. ஒரே ரகத்திலும் பழுத்த நிலை, பிரிக்ஸ் (சர்க்கரை அளவு), வடிகட்டியின் துளை எல்லாம் மாற்றும். ஏதோ அட்டவணையில் இருந்து எடுத்த எண்ணை நம்பி மெஷ் போடுவதைவிட உங்கள் குழாயையே அளவுகருவி ஆக்குங்கள்.

வளைவு இல்லாத 10 மீட்டர் நேர்க்குழாய். இரண்டு முனையிலும் டயாஃப்ரம் சீல் வைத்த ஒரு வேறுபாட்டு அழுத்த டிரான்ஸ்மிட்டர். சாதாரணக் கேஜின் துளையைக் கூழ் அடைத்துவிடும், பிறகு ஊசி எங்கே நிற்கிறதோ அதுதான் அளவு. நொடிக்கு 1 மீட்டரில் 0.52 பார் வர வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் 0.42. கால் பங்காக்கினால் 0.33. பாருங்கள், ஓட்டம் நான்கில் ஒன்றாகியும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டித்தான் குறைகிறது. இந்தச் சின்ன வித்தியாசத்துக்குள்தான் அடுக்கு ஒளிந்திருக்கிறது. 2.5 பார் கேஜ் இரண்டு, 1.6 வகுப்பு என்றால் ஒவ்வொன்றிலும் 0.04 பார் பிழை. விடை அதிலேயே கரைந்துவிடும். குறைந்தது நான்கு வேகம் எடுத்து இரட்டை மடக்கைத் தாளில் குறியுங்கள். கோட்டின் சரிவே அடுக்கு.

கோடு குறைந்த வேகத்தில் படுத்துப்போனால் கூழுக்கு விளைவுத் தகைவு (நகரத் தொடங்கவே வேண்டிய குறைந்தபட்ச விசை) இருக்கிறது, அதையும் சேர்க்கும் ஹெர்ஷல்-பல்க்லி மாடலுக்கு மாற வேண்டும். இரண்டு வேறு விட்டக் குழாயில் இரண்டு வேறு விடை வந்தால் சுவரோரம் சாறு பிரிந்து கூழ் வழுக்குகிறது. சுழல் விஸ்கோமீட்டர் எண்ணோடு குழாய் எண் ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் இந்த வழுக்கல்தான் காரணம்.

ஜூன் 22

காவேரிப்பட்டணம்: "ஹெக்ஸா, இரண்டாம் வரிசை, லேமினார், கெழு வெப்பநிலைக்கு ஏற்ப. 37.8 வருகிறது அண்ணா. ஆப்புப் பரீட்சையில் 1.49 வந்தது. இனி இந்த 24 மீட்டரில் எப்படி 50-க்குக் கொண்டுபோவது?"

வேகத்தைக் கூட்டிப் பலனில்லை. லேமினாரில் வெப்ப மாற்றக் கெழு வேகத்தின் கனமூலம் அளவுக்குத்தான் ஏறும், சுமக்க வேண்டிய கூழோ நேர்விகிதத்தில் ஏறும். நெளிகுழாயும் 136-இல் பெரிதாக உதவாது.

மூன்று குழாய் வகைக்குப் போங்கள். கூழ் 10 மி.மீ. இடைவெளியில், உள்ளும் புறமும் வெந்நீர். அதே வேகம், அதே நீளத்துக்கு 20 டிகிரிக்கு மேல் ஏறும். விலை அழுத்தத்தில்: மீட்டருக்கு 0.196 பார், 24 மீட்டருக்கு 4.7 பார். இப்போதைய குழாயைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. அதற்குத் தாங்கும் பம்பும் சீலும் உண்டா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இல்லையென்றால் சுரண்டித் தள்ளும் வகைச் சூடேற்றிதான் வழி.

ஜூன் 23

50 டிகிரியைவிட முக்கியமான ஒன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பழைய கே-எப்சிலான் கோப்பை வைத்தே ஹோல்டிங் டியூபையும் (கிருமி சாகச் சூடான கூழ் குறிப்பிட்ட நேரம் இருக்க வேண்டிய குழாய்) கணக்குப் போட்டிருந்தால் அதை இன்றே எடுத்துப் பாருங்கள்.

30 நொடி நிற்க வேண்டும் என்றால், நிற்க வேண்டியது சராசரிக் கூழ் அல்ல, எல்லாரையும் முந்தி ஓடும் நடுக்கூழ். டர்புலண்ட் என்று நினைத்தால் நடு வேகம் சராசரியில் 1.2 மடங்கு, 36 மீட்டர் போதும் என்று தோன்றும். உண்மையில் உங்கள் கூழுக்கு 1.5 மடங்கு. 36 மீட்டரில் நடுக்கூழ் 24 நொடியில் ஓடிவிடும். 45 மீட்டர் வேண்டும். கூழின் அடுக்கு நாளுக்கு நாள் மாறுவதால் நியூட்டன் லேமினாருக்கான 2 மடங்கை எடுத்து 60 மீட்டர் வைப்பதே பாதுகாப்பு. சூடான கூழ் என்பதால் 60 மீட்டருக்கும் ஒரு பார் அழுத்தம்கூட ஆகாது.

குழாயின் நீளத்தை வரைபடத்தில் பார்க்காமல் டேப் வைத்து அளந்து, உள்விட்டத்தையும் சேர்த்து இங்கே போடுங்கள். பெங்களூரா வரத்து இருக்கும்போதே முடித்துவிடலாம்.